மெனாரா முல்லைக்கு நுழைவு அனுமதி

அறந்தாங்கி ரெங்கசாமியை மலேசியா என்கிற நாடு ஒன்றே முக்கால் நிமிடத்தில் உள்ளே விட்டுவிட்டது. அந்த அவமானத்திலிருந்து அவர் மீள வெகுநேரம் ஆயிற்று.

மூன்று மாதமாகத் தயாரானவர் அவர். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தங்கை சிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்னவோ நான்கே வரிதான். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், திரும்பிப் போகும் டிக்கெட் இருக்க வேண்டும், தங்கும் முகவரி தெரிந்திருக்க வேண்டும், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "விசாவே வேணாம் அண்ணா. முப்பது நாள் சும்மா விட்டுடுவாங்க."

சும்மா விட்டுவிடுவார்கள் என்பதை நம்பப் பழகியவர் இல்லை ரெங்கசாமி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். ஒரு கோழிக்கூண்டு கை மாறினாலும் இரண்டு சாட்சி கேட்பார். அந்தக் கோழிகளின் அடையாளக் குறிகளையும் சொத்து விவரத்தில் சேர்ப்பார். ஆகவே அவர் இருபத்தேழு ஆவணங்கள் சேகரித்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், ஒவ்வொரு நகலிலும் நோட்டரி முத்திரை. பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, ஊரில் அவர் மீது வழக்கு ஏதும் இல்லை என்பதற்கு ஒரு சான்று, இருந்த ஒரு வழக்கும் தள்ளுபடியானது என்பதற்கு இன்னொன்று.

எல்லாவற்றுக்கும் மகுடமாக இருந்தது தாய்மாமன் சான்று. சிந்துவின் மகள் கார்த்திகாவுக்குப் பதினோராவது மாதத்தில் காது குத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் அது காது குத்து, இல்லாவிட்டால் வெறும் துளை. அதற்காகத்தான் அவர் போகிறார். போகும் காரணத்துக்குச் சான்று இல்லாமல் எப்படிப் போவது?

"இப்படி ஒரு சான்றே கிடையாதுய்யா" என்றார் கிராம நிர்வாக அலுவலர்.

"இருக்குற சான்றையா சார் கேக்குறேன்? இனிமே இருக்கப்போறதக் கேக்குறேன்" என்றார் ரெங்கசாமி.

மூன்றாம் நாள் கையெழுத்து விழுந்தது. தாலுகாவில் அந்த வகைக்கு அது வரிசை எண் ஒன்று.

இத்தனையையும் பச்சைக் கோப்பில் அடுக்கி, இரவு முழுக்கத் திருச்சி விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினால், கவுண்டரில் இருந்த பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், விரலை வைக்கச் சொன்னாள், முத்திரை போட்டாள். கோப்பை அவர் ஜன்னலுக்குள் தள்ளினார். அவள் சிரித்தபடி திருப்பித் தள்ளினாள். "வெல்கம், அங்கிள். நெக்ஸ்ட்."

ரெங்கசாமி ஓரமாக நின்று யோசித்தார். அவருக்குத் தெரிந்த அலுவலகங்களில், முன்னால் உட்கார்ந்திருப்பவர் டோக்கன் மட்டும் கொடுப்பார். கேள்வி கேட்கிறவர் உள்ளே, வேறோர் இடத்தில் இருப்பார். இந்த நாட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். உண்மையான எல்லை இன்னும் வரவில்லை.

அது காலை ஏழு ஐம்பதுக்கு வந்தது.

சிந்துவின் கணவர் அஸ்வின், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி கம்பெனியில் இருப்பவர், அன்று லீவு போட்டுவிட்டு ஆசாரியை அழைத்து வரக் கிள்ளானுக்குப் போயிருந்தார். அதனால் ரெங்கசாமி தானே ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, சேலைக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, பெட்டியை உருட்டிக்கொண்டு மெனாரா முல்லை என்னும் இருபத்திரண்டு மாடி அடுக்ககத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட தடுப்புக் கம்பு ஒன்று குறுக்கே கிடந்தது. பக்கத்தில் ஒரு சிறிய அறை. அறைக்கு இரண்டு ஜன்னல், ஒன்று வீதியைப் பார்த்து, ஒன்று வளாகத்தைப் பார்த்து. உள்ளே சீருடை, நோட்டுப் புத்தகம், முத்திரைக் கட்டை, மைத்தட்டு. தரையில் ஒரு மஞ்சள் கோடு.

ரெங்கசாமிக்கு நிம்மதியாக இருந்தது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார். அது மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கோடு.

அறைக்குள் இருந்தவர் ஜாகா, அதாவது காவலாளி, வீரப்பன். பூச்சோங்கிலிருந்து தினமும் வந்து பன்னிரண்டு வருடமாக அந்த வாசலைக் காப்பவர். "என்னண்ணே, அங்கயே நிக்கிறீங்க? கிட்ட வாங்க. எந்த வீடு?"

"கூப்பிட்ட பிறகுதானே வரணும்" என்று சொல்லிக்கொண்டே ரெங்கசாமி வந்து, பாஸ்போர்ட்டை வைத்தார், அதன் மேல் வருகை அட்டையின் நகலை வைத்தார், அதன் மேல் கோப்பை வைத்தார். "வருகையாளர். இருபத்தெட்டு நாள். நோக்கம், காது குத்து. ஆதாரம், பக்கம் பத்தொன்பது."

வீரப்பன் கோப்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அண்ணே, வீட்டு நம்பர், பேரு, அவ்ளோதான் லா. எழுதிட்டுப் போங்க."

"அதெப்படிங்க அவ்வளவுதான்?"

"எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"எல்லாரும் போறது வேற. நான் சட்டப்படி வந்திருக்கேன். இங்க நுழையறதுக்கு என்னென்ன விதி? எழுத்துல இருக்கா?"

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஏனென்றால் அந்த நேரம் பார்த்து, எதிர்ச்சாரிக் கடையில் காப்பி குடித்துவிட்டு, பத்திரிகையை அக்குளில் செருகியபடி, மெனாரா முல்லையின் நிர்வாகக் குழுத் தலைவர் கனகசபை அவர் பின்னால் வந்து நின்றிருந்தார். யாழ்ப்பாணத்து வம்சம். பாட்டனார் ரயில்வேயில், தகப்பனார் தபாலில், இவர் முப்பத்தைந்து வருடம் வடிகால் இலாகாவில். ஓய்வு பெற்ற மறுமாதம் அடுக்ககத்துக்கு வருகையாளர் விதிகள் என்று நாற்பத்தொரு பக்கம் எழுதினார். ஆண்டுக் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கறிபாப் பலகாரத் தட்டு வந்ததும் எல்லாரும் கை நீட்டினார்கள். அதை ஒருமனதான சம்மதமென்று குறித்துக்கொண்டு விதிகள் நிறைவேறின. அன்றிலிருந்து பதினொரு வருடமாக, அந்தப் புத்தகம் கார்டு ஹவுஸ் என்னும் அந்தக் காவலறை மேசையில் வீரப்பனின் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"நீர் இப்ப என்ன கேட்டீர்?" கனகசபை ஓரடி முன்னால் வந்தார்.

"விதி எழுத்துல இருக்கான்னு கேட்டேங்க."

"ஓம், இருக்கு" என்றார் கனகசபை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வீரப்பன், சோத்தைத் தூக்கும்."

மணி எட்டு ஐந்து. காது குத்துக்குக் குறித்த நேரம் ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதை விட்டால் அடுத்த நல்ல நாள் முப்பத்தோராவது நாள், அதாவது நாடு அவருக்குக் கொடுத்த முப்பது நாள் முடிந்த மறுநாள். ரெங்கசாமிக்கு இது தெரியும். ஆனாலும் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் இருக்கிறதே, ஒழுங்கான ஓர் அலுவலகத்துக்கு அது போதும் என்று நினைத்தார்.

முதலில் புகைப்படம். இளநீலப் பின்னணியில் இரண்டு. கோப்பில் வெள்ளைப் பின்னணியில் எட்டும் சிவப்பில் நான்கும் இருந்தன, நீலம் இல்லை. வீரப்பன் தன் நீல மழைக்கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி பின்னால் நிற்க, கனகசபை கைப்பேசியில் எடுத்து, எதிர்ச்சாரிக் கடையில் அச்சடித்து வந்தார்கள். அதில் வீரப்பனின் இரண்டு கட்டைவிரல்களும் விழுந்திருந்தன. அவை யாருடையவை என்று படத்தின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்கினார் ரெங்கசாமி. அவரே கேட்டு வாங்கியது.

அடுத்தது, திரும்பிப் போவதற்கு ஆதாரம். திருச்சி டிக்கெட்டைக் காட்டினார்.

"இது சிப்பாங் விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு" என்றார் கனகசபை. "இந்தக் கேட்டிலிருந்து சிப்பாங்குக்கு நீர் போவீர் என்பதற்கு?"

நியாயமான கேள்வி என்று ரெங்கசாமிக்குப் பட்டது. இருபத்தெட்டாம் நாள் காலை இந்தக் கம்பை நான் தூக்கி இவரை வெளியே விடுவேன் என்று வீரப்பன் ஒரு தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். "அன்னிக்கு எனக்கு ஓஃப் டே அண்ணே" என்றார் எழுதும்போதே. அதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்தார்கள்.

பிறகு, வந்த நோக்கம். அங்கேதான் வண்டி நின்றது. விதிப் புத்தகத்தில் உறவு, வியாபாரம், மருத்துவம், வேலை, முதலீடு என்று ஐந்து வகை இருந்தன. காது குத்து எதில் சேரும்?

"ஊசி இருக்கிறபடியால் மருத்துவம்" என்றார் கனகசபை.

"ஊசி ஆசாரியோடது சார். நான் மடி மட்டும்தான்."

"மடி தருவது ஒரு சேவை. சேவை என்றால் வேலை. வேலைக்குப் பெர்மிட் வேணும்."

"சம்பளம் கிடையாதே. நான்தான் பிள்ளைக்கு அரைப் பவுன்ல தோடு போடறேன்."

கனகசபை பேனாவை வைத்துவிட்டு அவரைப் புது மரியாதையோடு பார்த்தார். "பொன் கொண்டு வாறீரோ? அப்ப நீர் முதலீட்டாளர். நல்ல வகை. பத்து வருஷம் வரைக்கும் நிற்கலாம்."

ரெங்கசாமி நெஞ்சை நிமிர்த்தினார். விமான நிலையத்தில் ஒருவரும் அவரை இப்படி நடத்தவில்லை.

"ஆனால் முதலீட்டாளர் என்றால் குழு கூட வேணும். மூன்று பேர். நான், செயலாளர், பொருளாளர். பொருளாளர் போன தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் காலமாகிட்டார்."

"இறப்புச் சான்று இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றார் ரெங்கசாமி.

ஒன்பதே முக்காலுக்கு சிந்து இறங்கி வந்தாள். பட்டுச் சேலை, இடுப்பில் கார்த்திகா, கையில் தாம்பாளம். கம்புக்கு உள்பக்கம் நின்று பார்த்தாள். மூன்று பேரும் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இங்க என்ன பண்றே? மூணு தடவை போன் பண்ணிட்டேன்."

"கவுண்டர்ல நிக்கும்போது போன் எடுக்கக் கூடாது சிந்து."

"கவுண்டரா? இது கார்டு ஹவுஸ். அந்தக் கம்புக்குப் பக்கத்துல ஒரு ஆள் போற வழி இருக்கு பாரு. நடந்து வா."

"சட்டவிரோதமா வரச் சொல்றியா?" என்றார் ரெங்கசாமி தணிந்த குரலில், பக்கத்தில் இருப்பவர் காதில் விழாதபடி. "நாளைக்கு என்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினா ஊர்ல எவன் என்கிட்டப் பத்திரம் எழுதுவான்?"

"மேல ரிஷி அண்ணன் உக்காந்திருக்கு" என்றாள் சிந்து.

ரெங்கசாமியின் கையில் இருந்த முத்திரைக் கட்டை நின்றது. ரிஷி அவர்களுடைய சித்தப்பா மகன், ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்து மேற்பார்வையாளன். முறைப்படி அவனும் தாய்மாமன்தான், ஆனால் ஒன்றுவிட்டவன்.

"அவன் எப்படி உள்ள போனான்?"

"நடந்துதான். சாப்பாடு கொண்டு வந்தவர்னு நெனச்சு விட்டுட்டாங்க. வேட்டியெல்லாம் கட்டிட்டு ரெடியா இருக்கு. பத்தரைக்குள்ள நீ வரலைன்னா அது மடிதான். அப்புறம் ஊர்ல போய் என்னைச் சொல்லக் கூடாது."

"அவன்கிட்டச் சான்று இருக்கா?"

"மடி இருக்குண்ணா."

ரெங்கசாமி கோப்பை மடியில் இறுக்கிக்கொண்டார். இப்படியொரு சான்று வாங்கிய ஒரே தாய்மாமன், கம்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுப் பொட்டலமாக உள்ளே போனவன் மடியில் பிள்ளைக்குக் காது குத்துவதா? அதற்காகக் குறுக்கு வழியில் போகவும் மனம் வரவில்லை. ஒரு கால் எழுந்தது, மற்ற கால் எழவில்லை.

"சரி" என்றாள் சிந்து, "நான் பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வரேன். ரோட்லயே குத்திக்கலாம்."

"கொஞ்சம் பொறும், பிள்ளை" என்றார் கனகசபை. பக்கம் இருபத்தாறைத் திருப்பினார். "வீட்டுக்காரர் வெளியே போனால் பதிவேட்டில் எழுத வேணும். குழந்தையின் பதிவு எண் என்ன?"

"என்ன எண்?"

"பிறந்த மூன்று மாதத்துக்குள் நான்காம் படிவம் தந்திருக்க வேணும். தரவில்லை. ஆகவே இந்தக் குழந்தை எட்டு மாதமாக அனுமதி இல்லாமல் இங்கே தங்கியிருக்கு. வெளியே போகலாம். திரும்பி வர ஏலாது."

கார்த்திகா எட்டி அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

சிந்து அண்ணனைப் பார்த்தாள், இவராவது ஏதாவது சொல்வார் என்று. ரெங்கசாமியின் முகம் வெளுத்திருந்தது. "பதிவு பண்ணலையா நீ? எட்டு மாசமா? உன் அண்ணன் பத்திரம் எழுதறவன்னு உனக்கு ஞாபகம் இருந்துச்சா இல்லையா?"

சிந்து பதில் சொல்லுமுன் அஸ்வினின் கார் வந்தது. அட்டையைக் காட்டியதும் கம்பு உயர்ந்தது, கார் உள்ளே போனது, பின்னிருக்கையில் இருந்த வேலாயுதம் ஆசாரியும் போனார். ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் இறங்கி, பெட்டியைத் திறந்து, ஊசியைத் துடைத்தபடி, "பிள்ளை எங்க? பன்னிரண்டரைக்குக் கிள்ளான்ல எனக்கு இன்னொரு காது இருக்கு" என்றார்.

"மச்சான், இன்னும் ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றார் அஸ்வின்.

"முதலீடு இழுத்துக்கிட்டு நிக்குது மாப்ளே" என்றார் ரெங்கசாமி.

மணி பத்து ஐந்து.

அப்போது ரெங்கசாமி, வேறு வழியில்லாத எந்தப் பத்திர எழுத்தரும் செய்வதைச் செய்தார். மூல ஆவணத்தைக் கையில் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். நாற்பத்தொரு பக்கமும். எழுதியவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் பிறகு அதை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர். கனகசபை தன் விடைத்தாள் திருத்தப்படுவதைப் பார்க்கும் மாணவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து பதினான்குக்கு ரெங்கசாமி தலை நிமிர்ந்தார்.

"சார், சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லும்."

"விதி ஒன்பது. வீட்டுக்காரங்க யார் வெளிய போனாலும் இந்த நோட்டுல கையெழுத்துப் போடணும். இன்னைக்குக் காலைல நீங்க போட்டதாத் தெரியலையே."

கனகசபை நோட்டை வாங்கிப் பார்த்தார். முந்தைய பக்கத்தைப் பார்த்தார். பதினொரு வருடத்துப் பக்கங்களையும் பார்த்திருப்பார், நேரமில்லை. "போடவில்லை."

"அப்ப ஆவணப்படி நீங்க உள்ள இருக்கீங்க. உள்ள இருக்கறவர் உள்ள வர முடியாது. விதி பத்து."

"ஓம்" என்றார் கனகசபை, உட்கார்ந்துகொண்டே. "நான்தான் எழுதினது." அவர் முகத்தில் கலக்கத்தோடு ஒரு பெருமையும் தெரிந்தது. "நல்ல விதி."

"சேர்மன் அங்கிளே இல்லீகலா?" என்றார் வீரப்பன், யாரையும் பார்க்காமல்.

"இன்னொண்ணு சார்" என்று ரெங்கசாமி புத்தகத்தின் கடைசியில் மடித்து ஒட்டியிருந்த வரைபடத்தை விரித்தார். எந்தச் சொத்து என்றாலும் நான்கு எல்லையையும் பார்த்துவிடுவது அவர் வழக்கம். "வடக்கே வீதி. தெற்கே உங்க சுவர். வீதி இங்க முடியுது. உங்க இடம் இந்தக் கம்புக்கு அந்தப் பக்கத்துல ஆரம்பிக்குது. நடுவுல ஆறடி இருக்கு. இந்த ரூம் அந்த ஆறடியில நிக்குது. இது யாரோடது?"

கனகசபை குனிந்து தரையைப் பார்த்தார். சிமெண்டுப் பலகை. அதன் ஓரத்து இடுக்கில் தண்ணீர் ஓடும் சத்தம். முப்பத்தைந்து வருடம் கேட்ட சத்தம் அது.

"வடிகால்" என்றார். "இது வடிகால் ஒதுக்கு. வீதிக்காரனுக்கும் சொந்தமில்லை, எங்களுக்கும் சொந்தமில்லை. இதில் ஏற எவனும் எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை."

"அப்ப இதுக்குள்ள நான் வந்தா?"

"நீர் மலேசியாவில் இருக்கிறீர். மெனாரா முல்லைக்குள் இல்லை."

"பிள்ளை வந்தா?"

கனகசபை யோசித்தார். "கால் தரையில் படாமல் ஜன்னல் வழியாக வந்தால், அது வெளியேறினதாகாது."

மணி பத்து பத்தொன்பது. வீரப்பன் மேசையைத் தூக்கி வீதியில் வைத்தார். ஆறடிக்கு ஐந்தடி அறையில் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கிழக்கே பார்க்கப் போட்டார். ரெங்கசாமி அதில் உட்கார்ந்து வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டார். வேலாயுதம் ஆசாரி வெளியே வர ஒரு தடையும் இருக்கவில்லை, உள்ளே வந்ததாகவே பதிவு இல்லாததால். கனகசபை மூலையில் ஒட்டிக்கொண்டார். உள்பக்க ஜன்னலில், பதினொரு வருடமாக அடையாள அட்டைகள் போய் வந்த அந்தத் துவாரத்தின் கண்ணாடியை முழுக்கத் தள்ளி, சிந்து பிள்ளையை நீட்டினாள். ரெங்கசாமி இரண்டு கையாலும் வாங்கினார். கொடுத்தது தங்கைதானா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார், பழக்கம்.

அவ்வளவு நேரமும் கோப்பு இருந்த மடியில் பிள்ளை உட்கார்ந்தது. கோப்பை விட அது கனம். சூடாகவும் இருந்தது. ரெங்கசாமிக்குச் சட்டென்று எந்தப் பக்க எண்ணும் நினைவுக்கு வரவில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார் ஆசாரி.

வலது காது பத்து இருபத்து மூன்றுக்கு. கார்த்திகா அதிர்ச்சியில் அழ மறந்து மாமனின் முகத்தையே பார்த்தாள், பிறகு பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்கிறாற்போல் அழுதாள். இடது காது பத்து இருபத்தாறுக்கு. அந்த அழுகையில் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டாள். கிடைத்தது ஜன்னல் திண்டில், மைத்தட்டில் கிடந்த முத்திரைக் கட்டை. ஓங்கி ஒரு போடு, மாமனின் வெள்ளை வேட்டியில், முழங்காலுக்கு மேலே: அனுமதிக்கப்பட்டது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகூட.

"சேர்மன் அங்கிள், சாப் விழுந்திருச்சு" என்றார் வீரப்பன், முத்திரையைக் காட்டி.

கனகசபை குனிந்து வேட்டியைப் பரிசோதித்தார். "சாப் செல்லும்" என்றார். "போட்ட கை செல்லாது. அனுமதி இல்லாமல் தங்கியிருக்கிறவர் இன்னொருவருக்கு அனுமதி தர ஏலாது."

"சரியாச் சொன்னீங்க" என்றார் ரெங்கசாமி. அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் அது வேறு விஷயத்துக்கு.

பிள்ளை வந்த வழியே தோடுகளோடு திரும்பிப் போனது. ஆசாரி கிள்ளான் காதுக்குக் கிளம்பினார். ராகு காலம் வந்து எல்லாரையும் தாண்டிப் போனது. மேலே பதினான்காவது மாடியில் இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து சொன்னது. ஆனால் அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். ஒருவர், வந்த நோக்கம் நிறைவேறிவிட்டதால் இனி உள்ளே போகக் காரணம் இல்லாதவர். இன்னொருவர், உள்ளே இருப்பதால் உள்ளே போக முடியாதவர்.

பன்னிரண்டேகாலுக்கு உள்பக்க ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. புனிதவதி, கனகசபையின் மனைவி, குழுவின் செயலாளர். நாற்பத்தொரு பக்கத்தையும் தட்டச்சு செய்தவர் அவர்தான். சிந்து போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"புனிதம், கம்பைத் தூக்கச் சொல்லும்" என்றார் கனகசபை.

"பெயர்?" என்றார் புனிதவதி.

"விளையாடாதேயும்."

"பக்கம் முப்பத்தெட்டு. தலைவர் வளாகத்தில் இல்லாதபோது அனுமதி தரும் அதிகாரம் செயலாளருக்கு. பெயர்?"

"கனகசபை."

"யாரைப் பார்க்க வந்தீங்கள்?"

கனகசபை வீரப்பனைப் பார்த்தார். வீரப்பன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். "புனிதவதியை."

"என்ன உறவு?"

"நாற்பத்து நாலு வருஷமாய்ப் புருஷன்."

"ஆதாரம்?"

அவருடைய அடையாள அட்டை உட்பட எல்லாம் மேலே, அலமாரியில் இருந்தன. காப்பி குடிக்கப் போகும்போது திருமணச் சான்றை எடுத்துப் போவதில்லை. கனகசபை சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் ரெங்கசாமி.

கோப்பின் கடைசியிலிருந்து பத்திரம் எழுதும் பச்சைத் தாள் ஒன்றை உருவினார். எங்கே போனாலும் நான்கு தாள் வைத்திருப்பார். வீரப்பனின் மேசையை வீதியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவை உதறி, நிறுத்தாமல் எழுதினார். மெனாரா முல்லை அடுக்ககத்தில் குடியிருக்கும் கனகசபை என்பவர் மேற்படி அடுக்ககத்தில் குடியிருக்கும் புனிதவதி அம்மாள் அவர்களின் கணவர் என்பதும், அவரைத் தவிர மேற்படி அம்மாளுக்கு வேறு கணவர் எவரும் இலர் என்பதும், இதில் எந்த வில்லங்கமும் இல்லை என்பதும் கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் உறுதி செய்யப்படுகிறது. சாட்சி ஒன்று, வீரப்பன். சாட்சி இரண்டு, ரெங்கசாமி.

புனிதவதி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "வில்லங்கம் இல்லை என்று எப்படி எழுதினீங்கள்?"

"வழக்கமா எழுதறதுங்க அம்மா."

"சரி. சாட்சி சொன்னவரையும் என் புருஷனைச் சார்ந்தவர் என்று உள்ளே எடுக்கிறன். அவருக்கு இருபத்தெட்டு நாள்." முத்திரைக் கட்டையை மையில் அழுத்தினார். "புருஷனுக்கு முப்பது."

"முப்பது நாளோ?" என்றார் கனகசபை.

"நடத்தையைப் பார்த்து நீட்டலாம்."

கம்பு உயர்ந்தது. இரண்டு பேரும், ஒருவர் பின் ஒருவராக, மஞ்சள் கோட்டிலிருந்து ஆரம்பித்து முறையாக நடந்து உள்ளே போனார்கள். பதினான்காவது மாடியில் கார்த்திகா ரிஷியின் மடியில் உட்கார்ந்து பாயசம் நக்கிக்கொண்டிருந்தாள். ரெங்கசாமியைப் பார்த்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் வீரப்பன் தன் ஓஃப் டேயில் பூச்சோங்கிலிருந்து வந்து, எழுதிக் கொடுத்தபடி கம்பைத் தூக்கி ரெங்கசாமியை வெளியே விட்டார். கனகசபை வாசல் வரை வந்தார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு. பிள்ளைக்கு நான்காம் படிவம், தாமதத்துக்கு மன்னிப்புக் கடிதத்தோடு, பதிவாகியிருந்தது. கனகசபையின் அனுமதிக்குத்தான் இன்னும் இரண்டு நாள் இருந்தது. நீட்டிப்பதைப் பற்றி மேலிடத்திலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை.

ரெங்கசாமி பச்சைக் கோப்பைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தார். கணவர் சான்று, பதினொரு பிரதி, எல்லாம் சாட்சிக் கையெழுத்தோடு.

"தேதி மட்டும் போடலை சார். மாசத்துக்கு ஒண்ணா எடுத்துக் குடுங்க. வில்லங்கம் பத்தின வரியை அம்மா அடிக்கச் சொன்னா, அடிச்சுடுங்க. வாதாடாதீங்க."